கடனில் ஒரு மக்ரூன்

தூத்துக்குடியில் இப்போது வங்கியில் கோடி வைத்திருப்பவர்கூட விடிந்ததும் ஒரு மக்ரூனைக் கடனில் வாங்கித் தின்றுவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பார். இனிப்புக்காக அல்ல, பச்சை விளக்குக்காக.

விளக்கு நாள்காணியில் இருக்கிறது. ஒவ்வொரு கடைக் கல்லாவிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி. விரலை வைத்தால் வியர்வையையும் நாடியையும் பார்த்து, பில் வரும் நாளில் இந்த ஆள் உயிரோடு இருப்பாரா என்று சொல்லிவிடும். செத்தவர்களிடம் வசூலிக்க முடியாமல் திணறிய வங்கிகள் செய்த ஏற்பாடு. பச்சை என்றால் கிரெடிட் கார்டு வேலை செய்யும். சிவப்பு என்றால் செய்யாது. அந்த நிமிடமே டெபிட் கார்டும் பூட்டிக்கொள்ளும்; இருப்பு வாரிசுகளுக்குப் பத்திரமாக இருக்க வேண்டுமாம். பிறகு ரொக்கம்தான் கதி. தபாலாபீஸில் ஓர் உறையில் கொஞ்சம் நோட்டுத் தருவார்கள். ஊரில் அதற்கு வழிச்செலவு என்று பெயர். அந்த நோட்டை யாரும் கையால் தொடுவதில்லை. இடுக்கியால் வாங்கி, உப்புத்தண்ணீர்க் கிண்ணத்தில் போடுவார்கள்.

பேக்கரிக்கார மெற்றில்டாவும் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தாள், தன் புருஷன் கஸ்பார் ஒருநாள் விரலை வைக்கிற வரைக்கும்.

"ஏட்டி, கிழவனுக்கு இன்னைக்கு மக்ரூன் கிடையாதாம்," என்று சிரித்தார் கஸ்பார்.

அவள் கண்ணாடியைத் துடைத்தாள். அவர் விரலை முந்தானையால் துடைத்து, மறுபடி வைத்துப் பார்த்தாள். சிவப்பு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, "ஒரு அடைப்பு. சின்ன வேலைதான். எடுத்துட்டா இன்னும் ரொம்ப வருஷம் நடமாடுவார்," என்றார். பணம் கட்டும் இடத்தில் இருந்த பெண் நாள்காணியைக் கஸ்பார் பக்கம் நகர்த்தினாள். சிவப்பு. மெற்றில்டா தன் விரலை வைத்தாள். பச்சை.

"கிரெடிட்ல எடு, டெபிட்ல எடு, உன் இஷ்டம்."

"நோயாளி விரல்தான் செல்லும்மா."

"ரொக்கமா வாங்கிக்கோ. கடையை வித்துத் தாரேன்."

"ரொக்கக்காரங்களுக்குப் படுக்கை கிடையாதும்மா. பச்சைக்காரங்களே காத்துக் கிடக்காங்க."

"செஞ்சா பிழைப்பாருன்னு டாக்டர் சொல்லுதாரே."

"இருக்க மாட்டாருன்னு நாள்காணி சொல்லுதே. அது ஒருநாளும் தப்பினதில்ல."

"நீங்க செய்ய மாட்டீங்கன்னு அதுக்குத் தெரியும்லா. பின்ன எப்படித் தப்பும்?"

அந்தப் பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். கஸ்பார் மெற்றில்டாவின் கையைப் பிடித்து இழுத்தார். "வாட்டி. வழிச்செலவுல ஒரு டீயாவது குடிப்போம்."

டீக்கடைக்காரர் இடுக்கியை நீட்டினார். முப்பது வருஷம் அவரிடம் டீ குடித்த மனுஷன் நோட்டை அதில் பதமாகச் செருகினார்.

பில் வரும் நாளுக்கு முன்பே கஸ்பார் போய்ச் சேர்ந்தார். நாள்காணி தப்பவில்லை.

அடக்கம் முடிந்து கடை திறந்த அன்று, உப்பளத்தில் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண் வந்தாள். கையில் உறை. யார் மேலும் பட்டுவிடாதபடி நோட்டை நுனியில் பிடித்திருந்தாள்.

"பிள்ளைக்கு ரெண்டு பன் குடுங்கக்கா."

மெற்றில்டா பன்னைக் கட்டிக் கொடுத்தாள். "காசு வேண்டாம்மா. இது பேங்க் கடன் இல்ல, என் கடன். அடுத்த மாசம் வந்து குடு."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள்.

"அடுத்த மாசம்னு சொல்லாதீங்கக்கா. ஆசை வந்துரும்."

நோட்டைக் கல்லாமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மின்விசிறிக் காற்றில் அது துடித்தது. மக்ரூனுக்கு நின்ற வரிசை ஓரடி பின்வாங்கியது. இதைக் கையால்தான் எடுக்க வேண்டும் என்று மெற்றில்டா நினைத்தாள், நினைத்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குள் அவள் கை, பழக்கத்தில், இடுக்கியை எடுத்துவிட்டிருந்தது.