எட்டாவது பச்சை வரி

ஏழு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு வரி இருந்தது. பக்கீர் முகைதீன் திரையில் விரலை வைத்து மேலிருந்து கீழாக இன்னொரு தடவை எண்ணினார். எட்டுத்தான்.

ஐம்பது வயதில் முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்தவர் அவர். யாராவது மவுத்தானால் ஆளை அடக்கக் கபுறுக் குழி வெட்டுவார், மற்ற நாளில் மண் சுமப்பார். அப்படிச் சுமந்து மகள் அஸ்பியாவுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டின் முன்னறையில்தான் மருமகன் றிம்சான் லெப்டொப்போடு இருந்தான். பள்ளிவாசலுக்காக ஜனாஸா அறிவித்தல் இணையத்தளம் ஒன்று செய்கிறான். மவுத்தானவரின் பெயரை எழுதினால் கட்டாரில் இருக்கிற சொந்தத்துக்கும் செய்தி போகும். கபுறு வெட்டுகிறவருக்கு மையித்தின் உடல் நீளமும் போகும்.

"நீங்க வாசிச்சு விளங்கினா ஊருக்கே விளங்கும் மாமா" என்று அவரைப் பக்கத்தில் இருத்தியிருந்தான்.

கறுத்த திரையில் மூன்று கட்டளைகள்தான். தளத்தை இந்த மெசினுக்குள் மட்டும் ஓட்டிப் பார்க்க ஒன்று, சோதிக்க ஒன்று, கட்டி முடித்து ஊருக்கு விட ஒன்று. ஒரு சொல்லைத் தட்டினால் மிச்ச வேலையை அதுவே பார்க்கும்.

"இந்த டெஸ்ட் என்ன செய்யும் மனே?"

"பொய் மவுத்து ஒண்ட எழுதும். செய்தி போகுதா, அளவு வருதா எண்டு பாக்கும். பொறகு அந்த ஆள அதுவே அழிச்சிரும். ஏழு டெஸ்ட்."

"எட்டு இரிக்கி."

"எல்லாம் பச்சதானே? பச்ச எண்டா சரி. நான் வரி வாசிக்கிறல்ல மாமா, நிறத்தத்தான் பாக்கிற."

பக்கீர் முகைதீனுக்கு அப்படிப் பார்க்க வராது. எழுத்தெழுத்தாகத்தான் போவார். எட்டாவது வரியை எழுத்துக்கூட்டி வாசித்தார்: கபுறு வெட்டியாச்சு. நீளம் ஐந்தடி பத்தரை.

கச்சான் காற்று கருவாட்டு வாடையை அள்ளி வந்து ஜன்னலை அடித்தது. றிம்சான் எழும்பி அதைச் சாத்தினான். முப்பது வருசப் பழக்கத்தில், அவர் வேண்டாமென்றாலும் கேளாமல், அவர் கண் மருமகனின் குதிகாலிலிருந்து உச்சிவரை அளந்தது. ஐந்தடி பத்தரை.

"என்னோட பகிடி விடுறியா?"

"அல்லாஹ்மேல ஆணையா இல்ல மாமா." றிம்சான் மறுபடி ஓட்டினான். இந்தத் தடவை எட்டாவது வரி நீண்டிருந்தது. வெட்டியவர்: பக்கீர் முகைதீன்.

றிம்சானின் முகம் மாறியது. மேலும் கீழும் தேடினான். "நான் எழுதினது ஏழுதான். நான் இல்லாத நேரம் இதுல கை வெச்சீங்களா?"

"என்ட பேர எழுதப் பழகவே பத்து நாள் எடுத்தவன் நான். இதுல என்னத்த எழுதுற?"

"மாமனும் மருமகனும் சண்டையா?" அடுப்படியிலிருந்து அஸ்பியாவின் குரல். "ஏழு மாச வயித்தோட வந்து என்னால விலக்குப் புடிக்க ஏலா, சொல்லிட்டன்."

சிரித்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல்.

அவர் வளவின் பின்பக்கம் போனார். மண்வெட்டி சுவரில் சாய்ந்திருந்தது. பத்து நாளாக ஊரில் மவுத்து இல்லை. அது காய்ந்து கிடக்க வேண்டும். தகட்டில் கறுத்த மணல் ஒட்டியிருந்தது. தொட்டார். ஈரம். நாலடிக்குக் கீழே மட்டும் வருகிற மணல், அதற்கென்றே உள்ள குளிர்ந்த பழைய மணம். தன் நகங்களைப் பார்த்தார். அதே மணல்.

குழி இருந்தால் மூடிவிட வேண்டும். அவருக்கு அது ஒன்றுதான் தோன்றியது. திறந்து கிடந்தால்தானே ஆளைக் கேட்கும். மகளின் வயிறு கண்ணுக்குள் நிற்க, மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஊரை அடக்குகிற மையவாடிக்கு மிதித்தார்.

கடல் இரைந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில், வேம்புக்குக் கீழே, அது இருந்தது. விளிம்பு இடப்பக்கம் சரிவாக வெட்டியிருந்தது. இந்த ஊரில் இடக்கையால் வெட்டுகிறவர் அவர் ஒருவர்தான். பிடியை வைத்து அளந்தார். அளக்கத் தேவையே இல்லை.

றிம்சானுக்கு அழைத்து, போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு மண்ணைத் தள்ளத் தொடங்கினார்.

"மனே, அத ஓட்டாத. ஒண்டயும் ஓட்டாத."

"பில்ட் போட்டுட்டனே மாமா." போனில், அவனுக்குப் பின்னால், மின்விசிறி கரகரத்தது. "அது முதல்ல எல்லா டெஸ்டயும் ஓட்டித்தான் கட்டும். இந்தா, ஓடுது. அஞ்சு… ஆறு…"

"நிப்பாட்டு!"

"ஏழு. பாத்தீங்களா, ஒண்டுமில்ல. எல்லாம் பச்…"

மின்விசிறிச் சத்தம் நின்றது.

"மனே?"

இணைப்பு அறவில்லை. போனுக்குள் இருட்டைப் போல ஒரு அமைதி.

இன்னும் வேகமாகத் தள்ளினார். மூடிவிட வேண்டும். எட்டாவது ஓடி முடிவதற்குள் மூடிவிட வேண்டும். குழி பாதி நிரம்பியது. முழுக்க நிரம்பியது. மேடு எழுந்தது.

வழக்கம்போல மண்வெட்டியின் முதுகால் ஒரு தட்டுத் தட்டினார்.

தட்டு போனுக்குள் கேட்டது.

கை நின்றது. இன்னொரு தடவை, மெல்லத் தட்டினார்.

போனுக்குள் கேட்டது. மங்கலாக. மண்ணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அதற்குப் பிறகு, யாரோ மூச்சு இழுத்தார்கள். மணலோடு.