இடம் மாறிய கல்

பெருக்கிய மண்ணில் ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரலையும் விரித்து, பாரம் தாங்க அழுத்தி ஊன்றிய கை.

ஆர்டித் ஹட்டோ விளக்குமாற்றை மார்போடு அணைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தை அவளும் தம்பி டெல்பர்ட்டும் நேற்றுத்தான் ஒரு புல் விடாமல் செதுக்கிப் பெருக்கியிருந்தார்கள். அலபாமாவின் அந்தப் பக்கத்தில் மே மாதம் கல்லறைக்குப் பூ வைக்கும் ஞாயிறு வருமுன் சிவப்பு மண் வழுக்கைத் தலையாகத் தெரிய வேண்டும். பெருக்குகிறவர்கள் பின்பக்கமாகவே நடந்து வெளியே வருவார்கள், தங்கள் கால்தடம்கூட மிஞ்சாதபடி. அப்படி விட்டுப் போன மண்ணில், ஆறு வாரம் முன்பு அம்மாவைப் புதைத்த மேட்டின் ஓரமாக, இந்தக் கை.

காட்டுப்பன்றி கிளறியிருக்கும் என்றான் டெல்பர்ட்.

"பன்னிக்கு விரல் இருக்காடா?"

"நீ செத்தவங்களோடயே குடித்தனம் நடத்துறக்கா. உனக்கு எல்லாம் விரலாத்தான் தெரியும்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆர்டித் முப்பத்தெட்டுக் கல்லறைத் தோட்டங்களில் ஒரு கல் விடாமல் படித்து, இன்னாருக்கு இன்னார் பிள்ளை என்று தடித்தடியாக இரண்டு புத்தகம் போட்டிருக்கிறாள். கொள்ளுத் தாத்தாவைத் தேடி டெக்சாஸிலிருந்தெல்லாம் கடிதம் வரும். முதல் புத்தகத்தின் முன்னுரையில் அவளே எழுதியது இது: உச்சி வெயிலில் எந்தக் கல்லையும் படிக்காதீர்கள். தேய்ந்த எழுத்து அப்போது பொய் சொல்லும். பொழுது சாயட்டும், அல்லது பக்கவாட்டில் கண்ணாடி பிடித்து வெயிலைக் கல்லின் மேல் திருப்புங்கள்.

அந்தக் கையைப் பெருக்கி அழித்தாள். என்ன செய்வது, நாளைக்கு ஊரே வரும்.

ஆர்டித்துக்கு முன்னால் அம்மா வெல்மாவுக்கு ஒரு பையன் பிறந்து, ஒரே நாள் இருந்து போனான். பெயர் வைக்கக்கூட நேரமில்லை. அதற்கப்புறம் இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியும் அம்மாவின் கை எதையோ விட்டுவிட்டு வந்ததுபோலவே இருக்கும். இடுப்பு உடைந்து, நிற்க முடியாமல் மூன்று வருஷம் கிடந்தவள் கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்று. "என்னப் பையன் பக்கத்துல போடு ஆர்டித். உங்கிட்ட வேற ஒண்ணும் கேக்கல." தன் புத்தகத்தின் வரைபடத்தைப் பிரித்து, குழி வெட்டுகிறவர்களுக்கு ஆர்டித்தான் இடத்தைக் காட்டினாள். அம்மாவுக்குப் பிடித்ததை ஆயுளில் ஒருமுறையாவது செய்தோம் என்று அன்றைக்கு அழுகைக்கு நடுவிலும் நிம்மதியாக இருந்தது.

மத்தியானம் ஓர்லீன் டில்லார்ட் பூக்கூடையோடு வந்தாள். எண்பதை நெருங்குகிறவள், பேச்சில் தேன் வழியும். வெல்மாவின் மேட்டுக்குப் பக்கத்திலிருந்த சின்னக் கல்லைப் பார்த்து நின்றுவிட்டாள். பைக்குள்ளிருந்து பழைய புகைப்படம் ஒன்றை எடுத்தாள். மூலை உடைந்த அதே கல், டில்லார்ட் குடும்பத்து வரிசையில், பக்கத்தில் குட்டிப் பெண்ணாக ஓர்லீன்.

"அம்மாடி, இது எங்க தங்கச்சி கல்லாச்சே. சூறாவளியில போச்சுன்னுல்ல நெனச்சோம். இங்க எப்படி வந்துச்சு?"

ஆர்டித் புகைப்படத்தை வாங்கிக் கல்லின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்பது வருஷம் முன்பு சூறாவளி குழந்தைக் கற்களையெல்லாம் வாரி வேலியோரம் எறிந்தது. அவற்றைத் திரும்ப நட்டவள் அவள்தான். கடைசிக் கல்லை எடுத்தபோது உச்சி வெயில். நீள மேசையில் பொரித்த கோழி ஆறுகிறது என்று எல்லாரும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி காரில் இருந்தது. போய் எடுத்துவரச் சோம்பல். கையால் தடவிப் பார்த்து, நம்முடையதுதான் என்று குத்துமதிப்பாக ஓரிடத்தில் நட்டாள்; பிறகு வரைபடத்திலும் அந்த இடத்தையே குறித்தாள். மிச்சமிருந்த உடைசல்களை லாரியில் ஏற்றி ஓடையில் கொட்டிவிட்டார்கள். தம்பி டெல்பர்ட்டுக்கும் தனக்கும் மூத்தவனின் கல்லும் அதோடு போயிருக்கும். அவன் எங்கே கிடக்கிறான் என்று இனி யாருக்கும் தெரியாது.

ஓர்லீன் அவள் கன்னத்தைத் தட்டினாள். "போனது போகட்டும் கண்ணு. உங்கம்மாவுக்குத் தெரியவா போகுது."

வெயில் சாய்ந்ததும் ஆர்டித் கண்ணாடியோடு தனியாகத் திரும்பி வந்தாள். சிடார் மரங்களில் சில்வண்டுகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. ஓடைப் பக்கமிருந்து ஈரக் களிமண் வாசனை, அதற்கடியில் இன்னொரு வாசனை, அம்மாவின் படுக்கையறையில் மூன்று வருஷம் தேங்கிக் கிடந்த தைல வாசனை. பெருக்கிய மண்ணில் செருப்போடு ஏறக் கூசியது. வாசலில் கழற்றிவிட்டு நடந்தாள்.

அம்மாவின் மேட்டிலிருந்து தடம் புறப்பட்டிருந்தது.

இரண்டு கை. இரண்டு முழங்கால் இழுத்த கோடு. எழுந்து நிற்க முடியாத ஒருத்தி தவழ்ந்த தடம். முதலில் டில்லார்ட் குழந்தையின் கல்லுக்கு. அதை ஒரு சுற்று. அடியில் மண் தோண்டப்பட்டு, திரும்பவும் மூடப்பட்டிருந்தது. மேலே உள்ளங்கையால் தட்டித்தட்டிச் சமப்படுத்திய அடையாளம், தூங்குகிற பிள்ளையைத் தட்டுவதுபோல.

அங்கிருந்து அடுத்த வரிசை. அடுத்த சின்னக் கல். தோண்டி, பார்த்து, மூடி, தட்டி.

அதற்கடுத்ததும். அதற்கடுத்ததும்.

ஆர்டித் அழுதுகொண்டே தடத்தின் பின்னால் போனாள். ஏழாவது மேட்டில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. அதற்கப்பால் தடம் இல்லை. பெருக்கிய கோடுகள் அப்படியே கிடந்தன.

சில்வண்டுகள் நின்றுவிட்டன.

பின்னால் ஏதோ நகர்ந்தது. மண்ணில் கை ஊன்றும் ஓசை. முழங்கால் இழுபடும் ஓசை. நிதானமாக.

திரும்ப முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

தைல வாசனை முழங்கால் உயரத்தில் வந்து நின்றது. குளிர்ந்த விரல்கள் அவளது வலது பாதத்தைத் தொட்டன. கட்டைவிரல். அடுத்த விரல். அடுத்தது. பிறந்த குழந்தையை முதன்முதலாகக் கையில் வாங்கிய தாய் எண்ணுவதுபோல, ஒவ்வொன்றாக, ஐந்து. பிறகு இடது பாதம். ஐந்து.

"அம்மா," என்றாள் ஆர்டித். "நான்தாம்மா. உன் ஆர்டித்."

விரல்கள் நின்றன. குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி அளவு பார்த்தன. வெகுநேரம்.

பிறகு விட்டுவிட்டன. அவள் காலடி மண்ணை மூன்று தரம் மெதுவாகத் தட்டிவிட்டு, அது அவளைக் கடந்து, எட்டாவது கல்லை நோக்கித் தவழ்ந்து போயிற்று.