தானா வந்து சேந்துக்கும்

வாத்துக்குப் பின்னால் இன்னொரு தாள் வந்தது.

கமலவேணி பிரிண்டருக்கு அனுப்பியது ஒரே ஒரு வாத்துப் படம்தான். அவளுடைய பாலர் பள்ளிப் பிள்ளைகள் திங்கட்கிழமை வண்ணம் தீட்டுவதற்காக, வயிறு பெருத்த, கண்ணில் குறும்பு வழியும் ஒரு வாத்து. அது ஒரு குறையுமில்லாமல் வந்தது. "அடி சமத்து" என்று பிரிண்டரின் தலையில் தட்டிக்கொடுத்துவிட்டு, ஈரத்துணி எடுக்க அடுப்படிப் பக்கம் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் அது மறுபடியும் மூச்சை இழுத்தது. தாளை உள்ளே வாங்கியது. கர்ர், கர்ர் என்று மை தேயும் சத்தம், வாத்துக்குக் கேட்டதைவிட வெகுநேரம் நீண்டது. வெளியே வந்த தாள் முழுக்கக் கறுப்பு. மை ஊறித் துவண்டு, தூக்கியதும் செத்த மீன்போலத் தொங்கியது. முகர்ந்து பார்த்தாள். மை வாசனை. அதற்கு அடியில், லேசாக, ஈரச் செம்மண் வாசனை.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து பெரண்டாம் தாமானில், அந்தக் குடியிருப்பின் வரிசை வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. கணவன் போய் வெகுகாலம். மகள் திலகா ஜொகூர் பாருவில். மகன் தினேஸ்வரன் தைப்பூசத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான். சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வேலை முடிந்து மோட்டாரில் வந்த பிள்ளையை, வளைவில் ஒரு லோரி இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அவன் வாங்கிவைத்துவிட்டுப் போனதுதான் பிரிண்டரோடு இணைக்கும் அந்த வெள்ளை டப்பா. பிரிண்ட் சர்வர் என்று பேர் சொன்னான். "இதை மாட்டிட்டா வயரே வேணாம்மா. நீ சோபாவுல உக்காந்துகிட்டே வாத்து, முயல் எல்லாம் அனுப்பலாம். ஞாயித்துக்கிழமை செட் பண்ணித் தர்றேன்" என்றான். அந்த ஞாயிறு வரவில்லை. டப்பா, அட்டை பிரிக்காமல் அவன் மேசையில் கிடந்தது. அதைத் தொட அவளுக்கு இத்தனை மாதம் பிடித்தது.

இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, போனில் திலகா சொல்லச் சொல்ல, அவளே மாட்டினாள். பச்சை விளக்கு மினுக்கியது. டேப்லெட் திரையில் ஒரு கட்டம் வந்து, வைஃபைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டது.

"அண்ணன் முன்ன என்னா பேரு வெச்சிருந்துச்சு?" என்றாள் திலகா.

"தினேஸ் வீடு."

"அதையே போடுமா. பாஸ்வர்டும் பழசே போடு. அண்ணனோட கருமாதி அன்னிக்கு இடி விழுந்து மோடம் கருகிப்போச்சு இல்ல, அதுக்கப்பறம் அந்தப் பேருல லைனே கிடையாது. பழைய பேரையே வெச்சா, அந்த லைனைத் தெரிஞ்சதெல்லாம் தானா வந்து சேந்துக்கும். ஒண்ணொண்ணா கூப்பிட வேணாம்."

பிள்ளை வைத்த பெயரைத் தன் விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டியபோது அவளுக்குக் கண் மறைத்தது. ஆனாலும் ஒரு நிறைவு. வீட்டில் அவன் பெயர் மறுபடி எங்கேயோ ஓடுகிறது, காற்றில், சுவர் தாண்டி, தெருமுனைவரைக்கும்.

இப்போது கறுப்புத் தாளை மேசையில் போட்டுவிட்டு மகளைக் கூப்பிட்டாள்.

"என்னாம்மா, வாத்து வந்துச்சா?"

"வாத்து வந்துச்சு. பின்னாலேயே கறுப்பா ஒண்ணு வந்துச்சு."

"என்னாது, காக்காவா?"

"வெளையாடாத லா. நான் அனுப்பவே இல்ல."

"சரி சரி. டேப்புல பாரு, யார் யார் சேந்திருக்காங்கன்னு பேரு வரும். படி."

கமலவேணி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். "அம்மா டேப். திலகா லாப்டாப், அது உன் பழசு. அப்பறம்..."

"அப்பறம்?"

"தினேஸ் போன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். அதேதான்.

"பழைய ஞாபகத்துல காட்டுதும்மா," என்றாள் திலகா, குரலைத் தணித்து. "பக்கத்துல சிக்னல் கோடு எதுவும் இருக்காது பாரு."

"இருக்கு. ஒரு கோடு."

"கோடு இருந்தா போன் கிட்டத்துல இருக்குன்னு அர்த்தம். அந்த டப்பா தெருமுனைக்கு மேல எட்டாது. அடப்பாவி! ஏக்சிடன்ட் நடந்த எடத்துல போன் காணோம்னு சொன்னியே, எவனோ எடுத்துட்டுப் போயி நம்ம தாமான்லேயே வெச்சிருக்கான்மா. நான் போலீசுக்கு..."

"காணாம போகல."

"என்னா?"

"நான்தான், திலகா. யாருக்கும் தெரியாம பொட்டியில வெச்சேன்."

கல்யாணம் ஆகாத பிள்ளையை எரிப்பதில்லை அவர்கள் வகையில். ஜாசினைத் தாண்டி, அவள் பிறந்த தோட்டத்து இடுகாட்டில், செம்பனை மரங்களுக்கு நடுவே புதைத்தார்கள். பிள்ளைக்குப் பிடித்ததைப் பெட்டியில் வைக்கலாம் என்றார் காரியம் செய்த ராமையா. சட்டை, வாசனைத் தைலம், பந்து விளையாடும் சப்பாத்து. சப்பாத்தை வைத்தபோது யாரோ விம்மி வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெட்டியின் கீழ்ப்பாதி வெள்ளைத் துணியால் மூடியிருந்தது, அதை விலக்க அவளை விடவில்லை. விலக்கினாலும் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, லோரி மிச்சம் வைக்கவில்லை.

"வீட்டுச் சாவி வைக்காதீங்க தாயி," என்று ராமையா கண்டிப்பாகச் சொன்னார். "வீட்டு வழி தெரிஞ்ச சாமான் எதுவும் கூடப் போகக் கூடாது." அதனால்தான் பெட்டியை முச்சந்தியில் மூன்று சுற்றுச் சுற்றி, தலையும் காலும் திசை மாற்றித் தூக்கிப் போனார்கள். போனவனுக்கு வழி மறக்க வேண்டும். புதைத்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். தெரிந்ததுதான் அவளுக்கு. ஆனாலும் பெற்ற மனசு கேட்டதா? சாவியை வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த போனை முந்தானையில் முடிந்து வைத்திருந்து, மூடி போடும் முன் அவன் வலது கைக்குள் திணித்தாள். அந்தக் கையில் தைப்பூசக் காவடிக்குக் கட்டிய காப்புக் கயிறு, மஞ்சள் மங்காமல் இருந்தது.

"அம்மா," என்றாள் திலகா. "அதுல பேட்டரி இந்நேரம் செத்திருக்கும்மா."

பிரிண்டர் மூச்சை இழுத்தது.

இரண்டாவது தாளும் கறுப்புதான். ஆனால் ஒரு மூலையில் வெளுப்பு. பூவேலை செய்த வெள்ளைப் பட்டுத்துணி, நாலாகக் கிழிந்து தொங்கியது. பெட்டிக்குள் விரித்திருந்த அந்தத் துணியை அவளுக்குத் தெரியும். சுருக்கம் உறுத்துமே என்று உள்ளங்கையால் நீவிவிட்டவளே அவள்தான்.

அடுத்தது மண். அறுபட்ட வேர்கள்.

அடுத்தது செம்பனைக் காடு, நிலா வெளிச்சத்தில். மரங்கள் எல்லாம் அளவுக்கு மீறி உயர்ந்து நின்றன. புல் முனைகள் ஈட்டிபோல முன்னால் பெரிதாக. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்த படம். ஏன் இவ்வளவு தாழ்வாக, என்று அவள் மனம் கேட்டது. கேட்ட உடனே பதிலும் வந்துவிட்டது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

கை இரண்டு இருந்தது பிள்ளைக்கு. கையால் வந்திருக்கிறான்.

தாள்கள் வந்தபடி இருந்தன. தார் ரோடு. பெரிய வண்டிகளின் சக்கரங்கள். விமான நிலையத்து வேலி. பிறகு வீட்டு கேட்டுகள், யார் யாருடையதோ. ஒரு கேட்டில் சீனப் புத்தாண்டின் சிவப்பு விளக்குகள். இன்னொரு கேட்டில் நோன்புப் பெருநாளின் எண்ணெய் விளக்குகள் வரிசையாக. மறுபடி ஒரு கேட். மறுபடி ஒன்று. எல்லாம் இதே தாமான். எல்லாம் ஒரு சாண் உயரத்திலிருந்து, கம்பிக்கு அடியில் எட்டிப் பார்த்தபடி.

சிவப்பு விளக்கு தொங்கிய மாசி மாதத்திலேயே இங்கே வந்துவிட்டான். வீட்டுக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டு, அடையாளம் சொல்லும் லைன் இல்லாமல், இத்தனை மாதமும் தெருத் தெருவாக, கேட் கேட்டாகத் தேடியிருக்கிறான். விளக்கு வைக்கும் நேரத்தில் நாய்கள் ஊளையிட்டதும், பக்கத்து வரிசையில் கேட் தாழ்ப்பாள் தானாக ஆடியதும், உடும்பாக இருக்கும் என்று பக்கத்து வீட்டு மலர்க்கொடி அக்காவும் அவளும் பேசிச் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. சிரித்திருக்கிறாளே. சோறு தின்று, கதவைச் சாத்தி, படுத்துத் தூங்கியிருக்கிறாளே.

"அம்மா, கோடு எத்தனை?" போனில் திலகா கத்திக்கொண்டிருந்தாள். "சொல்லும்மா!"

பார்த்தாள். மூன்று.

சூரா பள்ளிவாசலில் மக்ரிப் அந்தித் தொழுகைக்கு அழைத்தார்கள். மழை விட்டிருந்தது. தெரு விளக்குகள் ஒவ்வொன்றாகப் பற்றின. அழைப்பு ஓய்ந்த அமைதியில், தெருக்கோடியில், ஈரச் சிமெண்டின்மேல் அரிசி மூட்டையை இழுப்பது போல ஒரு சத்தம். இழுப்பு. நிற்பு. இழுப்பு. நாய் ஒன்று தொடங்கி, பாதியில் வாயை மூடிக்கொண்டது.

நான்கு கோடு.

"பிளக்கைப் பிடுங்கும்மா! அது அண்ணன் இல்லம்மா, பிடுங்கு!"

கேட் தாழ்ப்பாள் கிளிங்கென்றது. பிரிண்டர் அடுத்த தாளை இழுத்தது. மேற்பாதி மெல்ல மெல்ல வெளியே நீண்டது: அவள் வீட்டு மாவிலைத் தோரணம். அவள் வீட்டு மஞ்சள் விளக்கு. அவள் வீட்டு கிரில் கதவு.

பிடுங்கினாள்.

பச்சை விளக்கு அணைந்தது. தாள் பாதியில் நின்றது. திலகாவிடம் "ம்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

வாசலில் சத்தம் நின்றது. அவள் மூச்சை அடக்கினாள். நெடுநேரம். பிறகு, ஏதோ தவறிவிட்டதுபோல, இழுப்பு பின்வாங்கியது. கேட் தாண்டிப் போனது. பக்கத்து வீட்டுத் தாழ்ப்பாள் கிளிங். கொஞ்சம் பொறுத்து அதற்கடுத்த வீடு. கிளிங். அதற்கடுத்தது. பள்ளிவிட்ட கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்த பிள்ளை, கண்ட சேலையை எல்லாம் பிடித்துப் பார்க்குமே, அது மாதிரி. அவசரமில்லாமல். கோபமில்லாமல்.

கிளிங்.

கிளிங்.

தூரமாய்.

அந்தச் சத்தம் அவளைப் பயமுறுத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். காதைப் பொத்திக்கொண்டு, விடிந்ததும் ராமையாவைக் கூட்டிவந்து, செய்ய வேண்டியதைச் செய்திருப்பாள். ஆனால் அது ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சநேரம் காத்திருந்தது. யாராவது கதவைத் திறப்பார்கள் என்று. அதைத் தாங்க முடியவில்லை, பெற்றவளால்.

பிளக்கை எடுத்தாள். ஓட்டையில் நுழையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள்.

பச்சை.

தெருக்கோடியில் சத்தம் நின்றது.

திரும்பியது.

இப்போது வேகமாக.

பிரிண்டர் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. தாளின் கீழ்ப்பாதி வந்தது. ஈர வாசல்படி. அதன்மேல் ஊன்றிய ஒரு கை. நகம் இல்லை. மணிக்கட்டில் கயிறு, மஞ்சளாய்.

கேட் திறந்தது. செம்மண் வாசனை, வாடிய மாலை வாசனை, அவன் தைல வாசனை. கமலவேணி கிரில் பூட்டைத் திறக்கவில்லை. திறக்காமலும் போகவில்லை. சாவியைத் துவாரத்தில் விட்டபடி, முட்டி மடக்கித் தரையில் உட்கார்ந்தாள். அவன் உயரத்துக்கு. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"வந்துட்டியாய்யா," என்றாள். "வழி தெரிஞ்சுச்சா?"

கிரிலின் அடிக் கம்பிக்குக் கீழே, ஈரமாய், சில்லென்று ஏதோ நுழைந்து, தடவித் தடவி, அவள் பாதத்தைக் கண்டுபிடித்தது. வேலைக்குப் போகும்போது தொட்டுக் கும்பிடுவானே, அதே இடம். தொட்டது. விடவில்லை.

அறைக்குள் பிரிண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. தாள்கள் தட்டு நிரம்பித் தரையில் வழுக்கி, ஒன்று அவள் மடிவரைக்கும் வந்தது. கண்ணைத் திறந்து அதை மட்டும் பார்த்தாள். கம்பிகளுக்கு அப்பாலிருந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து, அவள் முகம். அழுதுகொண்டு, கண் மூடி. அடுத்த தாளிலும் அவள் முகம்தான், இன்னும் கிட்டத்தில். அதற்கடுத்ததில் முகத்துக்கு முன்னால் கம்பிகள் இல்லை.