தேய்த்துக் கழுவிய ரேடியோக் கல்

சரோஜா செய்தது என்னவோ நல்ல எண்ணத்தில்தான். வெள்ளிக்கிழமை என்று அம்மா குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்த்தாள். மிச்சம் இருந்த புளியில் சரோஜா அண்ணனின் ரேடியோக் கல்லையும் பளபளவென்று தேய்த்துவிட்டாள். சாயங்காலம் தனகோடி அக்கா ரேடியோவில் பாடப் போகிறாள். கல் அழுக்காக இருந்தால் நன்றாகவா இருக்கும்?

அண்ணன் திருவேங்கடம் தானே செய்த ரேடியோ அது. மின்சாரம் வேண்டாம். செங்கல்பட்டில் அவர்கள் வீட்டுக்கு இன்னும் மின்சாரம் வரவும் இல்லை. ஒரு கம்பிச் சுருள், வேப்பமரத்துக்கு இழுத்துக் கட்டிய கம்பி, விரல்நுனி அளவு காரீயக் கல், அவ்வளவுதான். கல்லின் மேல் ஊசியை வைத்துத் தேடினால் ஹெட்போனில் மதராஸ் பேசும்.

இன்று பேசவில்லை.

"கல்லை இன்னா பண்ணே?" என்றான் திருவேங்கடம்.

"குளிப்பாட்டினேன்."

"இது இன்னா சாமி சிலையா?"

அக்கா டீச்சர் வேலைக்குப் படிக்க மதராஸ் போனதிலிருந்து அம்மா அவள் குரலையே கேட்கவில்லை. ரேடியோவுக்குக் கண் கிடையாது என்று தெரிந்தும், மத்தியானமே தலைவாரிப் பூ வைத்துக் காத்திருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க சரோஜாவுக்கு அழுகை வந்தது.

"அண்ணா, கல்லை ஒடைச்சிடலாம்."

"இருக்கறதே ஒண்ணு. அதுவும் பாழாப் போனா?"

"மேலேதானே தேச்சேன். உள்ளே தேய்க்கலையே."

திருவேங்கடம் அவளையே பார்த்தான். பிறகு கல்லைத் துணியில் சுற்றி வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டான். சரோஜாதான் குழவியால் தட்டினாள்.

பெரிய துண்டு கண்ணாடி போல வழவழப்பாக இருந்தது. ஊசியை வைத்தான். சத்தமில்லை.

"கோணலா ஒண்ணு கீதே, அதுல வையி. முன்னேகூட நீ ஓரத்துல சொரசொரப்பா கீற எடத்துலதானே தேடுவே?"

அதில் ஊசி மெல்ல நகர்ந்தது. திருவேங்கடத்தின் புருவம் உயர்ந்தது.

"பேசுது," என்றான் மெதுவாக. "ஒழுங்கா கீற எடத்துல கம்முனு கீது. கலைஞ்சு, வேற எதுனா கலந்து கீற எடத்துலதான் பேசுது. ஏன்னு எங்க சாருக்கே சரியாத் தெரியாது."

இருந்த ஒரே ஹெட்போனை அம்மாவுக்கு மாட்டினான். பிள்ளைகள் இருவரும் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. கையசைத்தால் ஊசி நகர்ந்துவிடுமோ என்று பயந்து அவள் அதைத் துடைக்கவே இல்லை.

ஹெட்போனைக் கழற்றியதும் சரோஜா கேட்டாள், "அக்கா இன்னா பாட்டும்மா பாடுச்சு?"

"பாட்டை எங்கேடி கேட்டேன்?" என்றாள் அம்மா. "அவ கொரலைத்தான் கேட்டுக்கினு இருந்தேன்."