உம்ம்ம் வேட்டை

மணி மூன்று. அம்மாவின் மேசையில் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களும் "உம்ம்ம்ம்" என்று முனகிக்கொண்டிருந்தன.

அம்மாவுக்கு ஒலித்தொகுப்பு வேலை. நடிகர்கள் பேசியதைக் கணினியில் வெட்டி ஒட்டி, மழைச் சத்தமும் காலடிச் சத்தமும் சேர்த்து நாடகமாக ஆக்குவார். இத்தனை நாளும் இன்னொருவருக்கு உதவியாளராக இருந்தவர், முதல் முறையாகத் தனியாக ஒரு வானொலி நாடகம் செய்திருந்தார். நான்கு மணிக்கு அதைக் கேட்க இயக்குநர் வருகிறார். நடித்த ஐந்து பிள்ளைகளும் கூட வருகிறார்கள்.

"ஹெட்போன்ல சுத்தமா கேக்குதேம்மா. அதையே மாட்டிவிட்டுடலாமே?" என்றான் அண்ணன்.

"வர்றது ஆறு பேரு, இருக்கறது ஒரு ஹெட்போன். எப்படிடா மாட்டுவே?"

அம்மாவின் கவலைக்குக் காரணம் இருந்தது. நாடகத்தில் ஒரு சிறுமி கரடிக்குப் பயந்து குகைக்குள் ஒளிந்துகொள்வாள். மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ஒன்பது விநாடிக்கு ஒரு சத்தமும் இருக்காது. நாடகத்திலேயே அம்மாவுக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான். இப்போது அங்கேயும் 'உம்ம்ம்' என்று கேட்டது.

"கரடி குறட்டை விடுதுன்னு நினைச்சுக்குவாங்க!" அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் தங்கை. வயது பத்து. ஆள் சின்னவள், கோபம் வந்தால் கடிப்பாள். அதனால் அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் கட்டெறும்பு. இரண்டு காதிலும் காதுக்கருவி மாட்டியிருந்தாள். பேச்சு நன்றாகக் கேட்கும். இந்த மாதிரி மெல்லிய முனகல் மட்டும் கேட்காது.

"நானும் தேடட்டுமா?"

"உனக்குத்தான் அந்தச் சத்தமே கேக்காதே" என்ற அண்ணன், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். கட்டெறும்பின் முகம் சுருங்கிவிட்டது.

அம்மா கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தார். உம்ம்ம். கைப்பேசிகளை அடுத்த அறைக்கு அனுப்பினார். உம்ம்ம். ஃபிரிட்ஜைக்கூட நிறுத்திப் பார்த்தார். அதே உம்ம்ம். கடைசியில் ஸ்பீக்கருக்கு வரும் ஒலி ஒயரைப் பிடுங்கினார். சத்தம் நின்றது! மறுபடி செருகினார். சத்தம் திரும்பி வந்தது.

"ஒயர் வழியாத்தான் ஏதோ உள்ளே வருது. எங்கேருந்துன்னுதான் பிடிபடல."

கட்டெறும்பு துள்ளிக் குதித்தாள். "அம்மா! டி பட்டன்!"

"என்னது?"

"என் காது மெஷின்ல இருக்கே, ஸ்கூல் ஹால்ல போடுவேனே! அதை அமுக்கினா டீச்சர் மைக்ல பேசறது மட்டும் நேரா என் காதுக்குள்ள வரும். போன வாரம் அதை மாத்த மறந்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன். ஃபிரிட்ஜ் பக்கத்துல போனா காதுக்குள்ள 'ஙொய்ய்ய்'னு வண்டு கத்துச்சு!"

அம்மாவின் கண்கள் விரிந்தன. "அட ஆமா! அந்த பட்டனைப் போட்டா, கரண்ட்லேருந்து வர்ற தொந்தரவை உன் மெஷினும் பிடிக்குமே! எங்க ரொம்பக் கத்துதோ, அங்கதான் திருடன்!"

"ஆனா டி போட்டா நீங்க பேசறது எனக்குக் கேக்காது. கத்தாதீங்க, கை ஆட்டுங்க."

"நீ எதையும் தொடாதே. தலையை மட்டும் கிட்ட கொண்டு போ."

பட்டனை அமுக்கியதும் அறை சட்டென்று அடங்கியது. கட்டெறும்பு பூனைபோல நடந்தாள். ஜன்னல் பக்கம் ஒன்றுமில்லை. கணினித் திரைக்குப் பக்கத்தில் லேசாகச் 'சிர்ர்' என்றது. சுவரில் இருந்த மின்விசிறி ரெகுலேட்டர் அருகே போனதும் வண்டு கத்தியது. கட்டைவிரலை உயர்த்தினாள்.

அண்ணன் பாய்ந்து மின்விசிறியை நிறுத்தினான். அம்மா ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். திருடன் இது இல்லை.

மணி மூன்றரை. வியர்த்துக் கொட்டியது. அண்ணன் ஏதோ கேட்டுக்கொண்டே பின்னால் வந்தான். அவனுடைய வாய் மீன் வாய்போலத் திறந்து மூடுவதைப் பார்த்துக் கட்டெறும்புக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு மேசைக்கடியில் குனிந்தாள்.

ஙொய்ய்ய்ய்ய்ய்!

ஒரு வண்டு இல்லை, நூறு வண்டு! "இங்கதான்! இங்கதான்!" தன் குரலே தனக்குக் கேட்காமல் அலறினாள்.

அங்கே மின்சாரம் போனாலும் கணினியை அணையவிடாமல் காக்கும் யூ.பி.எஸ். பெட்டி இருந்தது. ஒலி ஒயர் மின்சார ஒயர்களோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டப்பட்டு, அதன் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

கட்டெறும்பு பட்டனை மாற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"நேத்து... பார்க்க அழகா இருக்கட்டும்னு... நான்தான் கட்டி வெச்சேன்."

அம்மா வாயைத் திறந்தார். திட்டு வரப்போகிறது என்று கட்டெறும்புக்குத் தெரிந்தது.

"அம்மா, முடிச்சு ரொம்ப பலம். அண்ணன் கட்டினதை அண்ணனாலதான் அவிழ்க்க முடியும். மணியைப் பாருங்க!"

வந்த திட்டை அம்மா விழுங்கிவிட்டார். கணினி, ஸ்பீக்கர், பெட்டி எல்லாவற்றையும் அணைத்து, பிளக்குகளையும் பிடுங்கிய பிறகே கை வைக்கவிட்டார். அண்ணன் விரல் நோக நோக முடிச்சை அவிழ்த்தான். பெட்டியும் மின்சார ஒயர்களும் ஒரு பக்கம் போயின. ஒலி ஒயர் மேசையின் மறுபக்கமாகத் தனியே வந்தது. கட்டெறும்பு படுத்துக்கொண்டு, "இன்னும் தள்ளு, இன்னும் தள்ளு!" என்று உத்தரவு போட்டாள்.

பிளக்குகளைச் செருகி எல்லாவற்றையும் போட்டார்கள். அம்மா ஸ்பீக்கரில் காதை வைத்தார்.

"நின்னுடுச்சா?"

அம்மா கட்டெறும்பை அப்படியே தூக்கிச் சுற்றினார். அதே நேரம் அழைப்புமணி அடித்தது.

இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தார். ஐந்து பிள்ளைகளும் தரையில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாடகம் தொடங்கியது. கரடி வந்தது. சிறுமி ஓடினாள். குகைக்குள் நுழைந்தாள். மூச்சைப் பிடித்தாள்.

ஒரு விநாடி. இரண்டு. மூன்று. நான்கு. அம்மா சேலை நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். யாரும் அசையவில்லை.

ஐந்து பேரில் சின்னவனுக்குப் பொறுக்கவில்லை. கட்டெறும்பின் கையைச் சுரண்டி, "அக்கா, ஸ்பீக்கர் கெட்டுப்போச்சா?" என்றான்.

அண்ணனும் தங்கையும் ஒரே குரலில் சொன்னார்கள்: "இல்லடா, இப்பதான் சரியாச்சு!"