பல் டாக்டரின் வீடு

"அவர் எப்படிங்க, பெரியம்மா?"

"தங்கமான மனுஷன். ஒரு நாள் கூடக் கை நீட்டினதில்லம்மா. குரல்கூட ஒசத்தினதில்ல."

"அப்ப நான் கொடுத்து வெச்சவதான்."

"ஆமா." பெரியம்மா அடுப்புப் பக்கம் திரும்பினாள். "பால் பொங்குது பாரு. அடுப்பைத் தணி."

அடுப்பில் பால் இல்லை. அடுப்பே எரியவில்லை.

கல்யாணத்துக்கு முன், அவளுடைய வீட்டார் எல்லோரும் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வந்திருந்த நாளில், சமையலறையில் அவளும் அவருடைய பெரியம்மாவும் மட்டும் தனியாக நின்றபோது நடந்த பேச்சு அது. அந்த அம்மாளுக்கு என்ன வயதிருக்கும் என்று அவளால் கணிக்க முடியவில்லை. சுருக்கம் இல்லை, நரையும் அதிகமில்லை. ஆனாலும் முகம், நாள்பட்ட சோப்புக்கட்டி போல, ஓரங்கள் எல்லாம் கரைந்து மழுங்கி இருந்தது. முன்னால் நீண்ட மோவாய் ஒன்றுதான் அடையாளமாக மிஞ்சியிருந்தது. 'ஒரு நாள் கூடக் கை நீட்டினதில்ல' என்பது ஒரு பெரியம்மா பேசும் பேச்சா என்று அன்று அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று விடைபெறும்போது வாசலில் அவர் மெதுவாகச் சொன்னார். "எனக்கு உங்க வீட்டுலேர்ந்து ஒன்னும் வேணாம். உன்கிட்ட மட்டும் ஒன்னே ஒன்னு கேப்பேன். இப்ப இல்ல. அதுக்கு நேரம் வரும்." அதை நினைத்து நினைத்துப் பல நாள் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்திருக்கிறாள். கல்யாணமான பிறகு அது வீட்டுக்குள் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. "என்னமோ கேப்பேன்னீங்களே?" என்பாள். "நேரம் வரட்டும்" என்பார். வருஷங்கள் ஓடிவிட்டன. பெரியம்மா ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார். அப்புறம் அவள் அந்த அம்மாளைப் பார்க்கவே இல்லை.

அந்தப் பழைய பேச்சு இப்போது நினைவுக்கு வந்ததற்கு ஒரு சின்னக் காரணம் இருந்தது. நேற்று படுக்கப் போகும்போது அவர், "இனிமே நீ இந்தப் பக்கம் படு" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் சுவர் ஓரமாகத்தான் படுப்பாள், வலப்பக்கம் அவரை ஒட்டி. "ஏங்க?" என்றாள்.

"சும்மாதான். எவ்வளவு நாள்தான் ஒரே பக்கமா படுப்ப." தலையணையை அவரே மாற்றிப் போட்டார். போர்வையை இழுத்துவிட்டார். சீக்கிரம் தூங்கிப்போனார். அவள்தான் கண்ணை மூடாமல், இடப்பக்கம் முழுவதும் அவர் உடம்பின் சூடு படிய, அந்தச் சொற்களை இதற்கு முன் எங்கே கேட்டோம் என்று யோசித்துக்கொண்டு கிடந்தாள்.

எங்கே என்று காலையில் பாத்திரம் கழுவும்போது புரிந்தது. கிரஷரில்.

அவர் கல் உடைக்கும் ஆலையில் ஃபிட்டர். கருங்கல் பாறைகளை ஜல்லியாக நொறுக்கும் அந்த இயந்திரத்துக்கு இரண்டு தாடைகள். தாடைகளின் உட்புறம் பல் வரிசை வைத்த கனத்த எஃகுத் தட்டுகள். மற்ற ஆலைகளில் சீக்கிரமே தேய்ந்து போகும் தட்டுகள் இவர் கையில் இரண்டு மடங்கு நாள் உழைக்கும். அதனால் அவருக்கு அங்கே பல் டாக்டர் என்று பெயர். கல்யாணமான புதிதில் ஒரு நாள் ஆலையைச் சுற்றிக் காட்ட அவளை அழைத்துப் போயிருந்தார். "டாக்டர், எனக்கும் ஒரு கடைவாய்ப் பல்லு ஆடுது, படுத்துக்கவா?" என்று ஒரு லாரி டிரைவர் கேட்க, "நீ வாயைத் தொறந்தா இந்த மெஷினே பயந்துடும்பா" என்று அவர் சொல்ல, அவள் தூசியில் இருமிக்கொண்டே சிரித்தாள்.

அன்று எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். பாறை வந்து மோதுவதைத் தட்டு வாங்கிக்கொள்ளும். தட்டு தேய்வதால்தான் இயந்திரத்தின் உடம்பு தேய்வதில்லை. தட்டின் அடிப்பக்கம் முதலில் தேயும், அப்போது அதைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். "எவ்வளவு நாள்தான் ஒரே பக்கமா தேயும்" என்றார். புதுத் தட்டு வந்ததும் அதன் வளைவுக்கு ஏற்ப ஒரு தகரத்தை வெட்டி வைத்துக்கொள்வார். அதுதான் அச்சுத் தகடு. அவ்வப்போது அதைத் தட்டின் மேல் பொருத்தி, நடுவில் எவ்வளவு வெளிச்சம் கசிகிறது என்று பார்ப்பார். வெளிச்சம் தெரிகிற அளவுக்குத் தேய்மானம்.

"இவ்வளவு அடி வாங்கியும் எப்படிங்க தாங்குது?"

"அடி வாங்கறதாலதான் தாங்குது. இந்த எஃகு அப்படி. மோத மோத இறுகும். மோதலே இல்லாம நைசா உரசிக்கிட்டே இருந்தா, சத்தமில்லாமத் தேய்ஞ்சு போயிடும்." தட்டை உள்ளங்கையால் தடவினார். "பழசு மொத்தமாப் போறதுக்கு முன்னாடி அதே வார்ப்புல புதுசு ஒன்னு வந்து சேர்ந்துடணும். அதான் முக்கியம்."

எவ்வளவு பெருமையாக இருந்தது அவளுக்கு.

கழுவிய தட்டைக் கவிழ்த்துவிட்டு அவள் தன் வலக்கையைப் பார்த்தாள். கைபேசி கொஞ்ச நாளாகவே வலது கட்டைவிரலுக்குத் திறப்பதில்லை. விரல்நுனியில் ரேகை இல்லை. உள்ளங்கையிலும் இல்லை. சென்ற வருஷம் ஆலையில் இரும்புக் கயிறு அறுந்து அவர் கையில் விழுந்தபோது, எலும்பு தப்பியிருக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு வந்தார். அன்றைக்கு மறுநாள்தான் அவளுடைய உள்ளங்கை இப்படி ஆனது. பாத்திரம் தேய்க்கும் பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை என்று தேங்காய் எண்ணெய் தடவினாள். அவர்தான் தடவிவிட்டார்.

தினமும் படுக்கை விரிப்பை உதறும்போது வெள்ளையாக ஒரு மாவு பறக்கும். கல் தூசி என்று நினைத்திருந்தாள். ஆனால் கன்வேயர் பெல்ட் அறுந்து ஆலை மூடிக் கிடக்கும் இந்த நாட்களிலும் மாவு குறையவில்லை. இன்று குனிந்து முகர்ந்து பார்த்தாள். கல் வாசனை இல்லை. நகத்தை அரத்தால் ராவும்போது வருமே, அந்த வாசனை.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? எத்தனையோ தடவை, வேண்டுமென்றே குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுக்கூட ஒரு சண்டைக்கு ஏங்கியிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு, அவள் கன்னத்தைத் தடவிவிட்டுப் போவார்.

மத்தியானம் தங்கை வீடியோவில் அழைத்தாள். ஆலையின் எடைமேடை ஆபீஸில் தங்கைக்கு வேலை பேசிக் கொடுத்திருந்தார் அவர். இன்று சாயங்காலம் வருகிறாள்; இனி இங்கேதான் தங்கப் போகிறாள். நேற்றுவரை அது ஒரு கொண்டாட்டமாக இருந்தது.

"என்னக்கா, பேய் மாதிரி மங்கலா இருக்க? கேமராவைத் துடை."

துடைத்தாள்.

"இன்னும் அப்படியேதான் இருக்கு. பின்னாடி திரைச்சீலைப் பூவெல்லாம் பளிச்சுன்னு தெரியுது. உன் முகம்தான் தெரியல. மாமாகிட்ட சொல்லி நல்ல போனா வாங்கேன், பல்லு டாக்டர் பொண்டாட்டிக்கு இப்படியா?"

"ஏய், நீ இப்ப வரணுமா..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் பஸ் வந்துவிட்டதென்று தங்கை அழைப்பைத் துண்டித்துவிட்டாள். அப்புறம் எத்தனை தடவை அழைத்தும் எடுக்கவில்லை.

வாசலில் மணி அடித்தது. பார்சல் கொடுக்க வந்த ஆள். அவள் கையில் எத்தனையோ தடவை கொடுத்துப் பழகியவர். அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மரியாதையாகக் குரலைத் தணித்துக் கேட்டார். "வீட்டுல மேடம் இல்லைங்களா, அம்மா?"

கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றாள். எங்கோ குழாய் சொட்டியது. கண்ணாடி இருக்கும் பக்கம் போகவில்லை. ஏதாவது வேலை செய்தால் நெஞ்சு அடங்கும் என்று, தங்கைக்கு மடக்குக் கட்டில் எடுக்கக் கொல்லைப்புறக் கொட்டகைக்குப் போனாள்.

அவருடைய கருவிகள் இருக்கும் இடம். கிரீஸும் துருவும் கலந்த நெடி. கூரையில் ஒரு ஓட்டை வழியே வெயில் கம்பி போல இறங்கியிருந்தது. கட்டிலை இழுத்தபோது, பின்னால் ஆணியில் மாட்டியிருந்த தகரங்கள் ஒன்றோடொன்று உரசிச் சிணுங்கின.

அச்சுத் தகடுகள். ஆனால் கிரஷர் தட்டுகளின் வளைவுகள் இல்லை.

நெற்றி. மூக்கு. உதடு. மோவாய்.

ஒரு ராத்திரி மின்சாரம் போனபோது, மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவள் நிழலைச் சுவரில் விழ வைத்து, காகிதத்தில் கோடு இழுத்து வரைந்தார் அவர். புதுசாகக் கல்யாணமானவர்களின் குறும்பு. 'என் பொண்டாட்டியை அச்சு எடுத்து வெச்சுக்கறேன்' என்றார். அவள் வெட்கப்பட்டாள்.

முதல் தகரத்தை எடுத்து முகத்தோடு வைத்துப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து தன்னுடையதாக இருந்த வடிவம். பொருந்தவில்லை. மூக்கருகே விரலை நுழைத்தாள். விரல் போனது. வெயில் கம்பி அந்த இடைவெளி வழியே கண்ணில் விழுந்தது.

அதற்குப் பின்னால் துருப்பிடித்த ஒன்று. எடுப்பான மூக்கு, அழகான உதடு. முன்னால் நீண்ட மோவாய்.

பெரியம்மா.

அதற்கும் பின்னால் இன்னும். துரு ஏறி, ஓரம் உதிர்ந்து. இன்னும்.

எல்லாவற்றிலிருந்தும் தள்ளி, தனி ஆணியில், பளபளவென்று புதிதாக ஒன்று. தூக்கிய மூக்கு நுனி. சின்ன நெற்றி. போன விடுமுறைக்கு வந்தபோது, 'எனக்கும் மாமா, எனக்கும்' என்று சுவர் முன்னால் தானாகப் போய் உட்கார்ந்தவள்.

அன்று மெழுகுவத்தியைப் பிடித்திருந்தது அக்காவான இவள்தான். அந்தத் தகரத்தைக் கையில் எடுத்தாள்.

"கையை வெட்டிக்கப் போற. அது ஓரம் இன்னும் ராவல."

வாசலில் அவர் நின்றார். கோபம் இல்லை. கல்யாண நாளில் பார்த்த அதே முகம், ஒரு கோடு கூடாமல். அருகில் வந்து தகரத்தை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"இது என் தங்கச்சி" என்றாள்.

"ஆமா. ஒரே வார்ப்பு." அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த ஒட்டடையை எடுத்துவிட்டார். "நீ ரொம்ப நல்லாத் தாங்கின கண்ணு. அவங்களைவிட."

இத்தனை வருஷத்து அன்பும் அந்த விரல்களில் அப்படியே இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

வெளியே கேட் திறக்கும் சத்தம். "அக்கா..."

அவள் ஓடினாள். ஓட்டமும் நடையுமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு. முற்றத்தில் தங்கை, தோளில் பை, கையில் பெட்டி, முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவள் மேல் விழுந்தது. மரியாதையாகச் சுருங்கியது.

"வணக்கம்மா" என்றாள் தங்கை. பிறகு அவள் தோளுக்கு மேலே பார்த்து, "மாமா, அக்கா எங்க?"

"கடைக்குப் போயிருக்கா. உனக்கு என்னமோ வாங்கணும்னா. இவங்க என் பெரியம்மா."

அவள் தங்கையின் மணிக்கட்டைப் பற்றினாள். நான்தான்டி. போயிடு. வாயைத் திறந்தாள். பற்கள் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று வழுக்கின. சொற்களுக்கு ஓரம் இல்லை. ஈரச் சோப்பு மாதிரி நழுவி விழுந்தன.

"என்ன சொல்றாங்க மாமா?"

"வயசாச்சில்ல. பால் பொங்குதும்பாங்க. அப்படித்தான்."

"ஐயோ பாவம். கை எவ்வளவு வழவழன்னு இருக்கு பெரியம்மா, உங்களுக்கு." தங்கை அவள் கையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். காதருகே குனிந்து கிசுகிசுத்தாள். அதே பழைய குறும்பு. "நான் இங்கதான் இருக்கப் போறேன். மாமா நிஜமாவே நல்லவரா? அக்காவைக் கேட்டா புருஷனை விட்டுக்கொடுக்கவே மாட்டா. நீங்க சொல்லுங்க."

என்ன சொல்ல? அடித்தாரா? இல்லை. திட்டினாரா? இல்லை. நாக்கு வாய்க்குள் துழாவியது. எல்லாம் மழுங்கிக் கிடந்தது. அம்மாவிடம், பக்கத்து வீட்டில், இதே தங்கையிடம், வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிப் பழகிய ஒரே ஒரு வாக்கியம் மட்டும் தேயாமல், முழுசாக, நாக்கு நுனியில் இருந்தது.

அவர் பின்னால் வந்து நின்றார். முதுகில் மெல்லக் கை வைத்தார். தடவினார்.

"ரொம்ப நாளா உங்ககிட்ட ஒன்னே ஒன்னு கேக்கணும்னு இருந்தேன்" என்றார். "நான் எப்படிப்பட்டவன்னு இவகிட்ட உங்க வாயால சொல்லுங்க, பெரியம்மா."