வேட்டிக்கு மறுபக்கம்

கோயம்புத்தூரில் அந்த வருஷம் எந்த வீட்டுப் பரணும் தப்பவில்லை. தாத்தா காலத்துப் புரொஜெக்டரையும், தகர டப்பாவில் கிடந்த எட்டு மில்லிமீட்டர் படச்சுருளையும் தேடி ஆளாளுக்கு ஏணி வைத்து ஏறினார்கள். முந்தின வருஷம் வரை பழைய சாமான்காரர்கூடச் சீந்தாத சரக்கு அது. எல்லாம் எதிரொளி வாசிப்பான் வந்த பிறகு பிடித்த பைத்தியம்.

அந்தச் சுருள்களில் இருந்த படங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் வசதியான வீடுகளுக்குத் தபாலில் விற்ற மூன்று நிமிஷப் பேசாப்படங்கள். கோமாளி வழுக்கி விழுவான், யானை தண்ணீர் அடிக்கும். கம்பெனிக்காரர்கள் வருஷத்துக்கொரு கேட்டலாக் அச்சடித்து அனுப்புவார்கள். வீட்டுக்காரர் பிடித்த எண்ணுக்கு எதிரே டிக் அடித்துப் பணம் கட்டுவார். ஒரே குரங்கு ஊர் ஊராக, ஆயிரம் வீடுகளில் திரையாகக் கட்டிய வேட்டியில் குதித்தது.

புரொஜெக்டரின் லென்சு வழியாக வெளிச்சம் வெளியே மட்டும்தான் போகும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. போன வழியே கொஞ்சம் திரும்பியும் வரும். திரையிலும் சுற்றியிருந்த ஆட்களின்மேலும் பட்டு, மறுபடி லென்சுக்குள் நுழைந்து, ஓடுகிற சுருளின் வெள்ளித் துகள்களில் மெல்லிய தடம் ஒன்றை விட்டுவிடும். அதற்குப் பின்னொளிப் படிவு என்று பெயர் வைத்தார்கள். வாசிப்பான் அதைக் குளிர்கதிரால் தடவி எடுத்து, படம் பார்த்தவர்களைப் படமாகக் காட்டியது. ஒரு சங்கடம் மட்டும் உண்டு. ஒவ்வொரு முறை புரொஜெக்டரில் ஓட்டும்போதும் பழைய படிவு அழிந்து புதிது உட்காரும். கடைசியாக ஓட்டிய காட்சிதான் மிஞ்சும். சிலேட்டு மாதிரி.

ஆசை யாரை விட்டது? கொள்ளுத்தாத்தாவின் திருமுகத்தைக் காணப் பணத்தைக் கொட்டிக்கொண்டு வந்தவர்கள் பார்த்ததெல்லாம் பின்மண்டைதான். லென்சு திரையைப் பார்க்கிறது. வீட்டுக்காரர்களும் திரையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்கள். முதுகு தெரியாமல் மூஞ்சியா தெரியும்?

ஆனால் திரைக்கென்று தனித்துணி வாங்காமல் மல் வேட்டியைக் கட்டிய வீடுகள் நிறைய இருந்தன. கூடத்தில் உட்கார உரிமை இல்லாத சமையல்காரி, ஆயா, தோட்டக்காரர் எல்லாரும் வேட்டிக்கு அந்தப் பக்கம் நின்று இடவலம் மாறிய படத்தைப் பார்த்தார்கள். லென்சுக்கு நேரே இருந்தவை அவர்கள் முகங்கள்தான். மெல்லிய துணி அவற்றை மறைக்கவில்லை. தொழிலில் அவர்களுக்கு மறுபக்கத்தார் என்று பெயர். முதலாளிகளுக்கு முதுகும் வேலைக்காரர்களுக்கு முகமும் மிஞ்சின. கடவுளுக்கும் எப்போதாவது கணக்குத் தீர்க்கத் தோன்றும்போல.

துளசிமணி தேடியதும் ஒரு மறுபக்கத்தாளைத்தான். அவளுடைய அம்மா மாராத்தாள், ஒரு மில் முதலாளியின் பங்களாவில் சமையல் செய்தவள். துளசிமணிக்கு நாலு வயதாகும்போது காய்ச்சலில் போய்விட்டாள். பேருக்குக்கூட ஒரு போட்டோ கிடையாது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று, அறுபத்தெட்டு வயதாகி, பேரன் பேத்தி எடுத்த பிறகும் தன் அம்மா கறுப்பா சிவப்பா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

ஒரே ஒரு ஞாபகம் இருந்தது. இருட்டு. எதிரே வெளிச்சமாக ஒரு வேட்டி. அதில் ஒரு குரங்கு குடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது. அம்மா மடியில் அவள் சாய்ந்திருக்கிறாள். மடி அப்படி மெத்தென்று இருக்கும், கதகதப்பாக, சேலையில் கடுகு தாளித்த வாசனையோடு. முகம் மட்டும் வராது. கண்ணை மூடி எத்தனை முறை மேலே பார்த்தாலும் வராது.

அவளை வளர்த்த பல்லடத்துச் சித்தி இதைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். "உங்கம்மா குச்சியாட்டம் இருப்பா அம்மிணி. அவ மடியில உக்காந்தா எலும்புதான் குத்தும்."

"உங்களுக்கென்ன தெரியும்? எங்கம்மா மடி எனக்குத் தெரியாதா?" என்று துளசிமணி சண்டைக்குப் போவாள். சித்திக்கு நிஜமாகவே அதிகம் தெரியாது. அக்கா உயிரோடு இருந்த வரை தன் புருஷன் விடாததால் பங்களாப் பக்கம் அவள் வந்ததே இல்லை. காரியம் முடிந்து, அநாதையாக நின்ற குழந்தையைத் தூக்கிப்போகத்தான் முதல்முதலாக அந்த வாசல்படி ஏறினாள்.

வாசிப்பான் வந்ததும் துளசிமணி கேட்டலாக்குகளை வாங்க ஆரம்பித்தாள். குரங்கையும் குடையையும் வைத்து எந்தப் படம் என்று கண்டுபிடிக்க வேண்டுமே. மங்கிய அட்டையோடு வந்த ஒரு கேட்டலாக்கில் அது இருந்தது. 'எண் 214. குரங்காரும் குடைக்காரரும். பேசாப்படம். குடும்பத்தோடு கண்டு வயிறு குலுங்க நகைக்கத்தக்கது.' அதைப் படித்துவிட்டு அவள் அழுதாள். அப்புறம் 214 எங்கே விலைக்கு வந்தாலும் வாங்கினாள். பென்ஷன் பணம் சுருள் சுருளாகப் போயிற்று. "அத்தைக்குக் குரங்குப் பைத்தியம்" என்று மருமகள் ஊரெல்லாம் சொன்னாள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

ராஜ வீதியில் வாசிப்பான் கடை வைத்திருந்த இருதயராஜ்தான் அவளுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் கொடுத்தான். இயந்திரத்தின் இடப்பக்கச் சட்டத்தில் குரங்கு ஓடும். வலப்பக்கச் சட்டத்தில் யார் வீட்டுச் சனமோ தெரியும். ஒரு சுருளில் மூக்கை உறிஞ்சும் வேலைக்காரப் பையன். இன்னொன்றில் மொட்டையடித்த விதவை ஒருத்தி, சிரிப்பு வந்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா மட்டும் எதிலும் இல்லை.

"ஏனுங்கக்கா, குரங்கு கீழ விழுகற எடம் வந்தா நீங்க யாரையோ அண்ணாந்து பாக்கறீங்களே, யாரைங்க?" என்று ஒருநாள் இருதயராஜ் கேட்டான்.

"தெரியலியே ராசு. அந்த எடம் வந்தாத் தலை தானாத் திரும்பிருது" என்றாள் அவள்.

ஐப்பசியில் ஒரு மழைநாள், ஜெயவர்தன் என்கிற இளைஞன் கடைக்கு ஒரு தகரப் பெட்டியோடு வந்தான். பங்களாவை இடிப்பதற்கு முன்னால் பரணைக் காலி செய்தபோது கிடைத்ததாம். தாத்தா மில் வைத்திருந்தவர். உள்ளே ஒரு புரொஜெக்டர், ஒரு கேட்டலாக், ஒரு சுருள். இருதயராஜ் கேட்டலாக்கைப் புரட்டினான். 214-க்கு எதிரே சிவப்பு மையில் டிக் இருந்தது. பங்களா எங்கே என்று விசாரித்தவன், பதிலைக் கேட்டதும் துளசிமணிக்கு ஆள் அனுப்பினான்.

அவள் குடையைக்கூட மறந்து நனைந்துகொண்டே வந்தாள்.

"எங்கம்மா உங்க பங்களாவுலதான் சமைச்சாங்க தம்பி. மாராத்தாள்னு பேரு. கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"இல்லீங்கம்மா. எனக்குத் தாத்தாவையே தெரியாது, அப்பா சின்னப் பையனா இருக்கறப்பவே போயிட்டாருங்க. இதுல அவரு மொகம் கெடைக்குமான்னுதான் வந்தேன்" என்றான் ஜெயவர்தன். "திரையா வேட்டிதான் கட்டுவாங்கன்னு அப்பா சொல்லுவாரு. மெசினைத் தாத்தாவத் தவிர ஒருத்தரும் தொடப்படாதாம். அவரே போட்டு விட்டுட்டு முன்னால வந்து ஒக்காருவாராம்."

"வேட்டியா?" என்றாள் துளசிமணி. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "நான் எங்கம்மா மடியில ஒக்காந்துதான் பாத்தேன். பாருங்க, ரெண்டு பேரும் வருவோம்."

இருதயராஜ் சுருளை மாட்டினான். இடப்பக்கம் குடைக்காரர் நடந்து வந்தார். வலப்பக்கம் முதலில் புகை மாதிரி இருந்து, பிறகு தெளிந்தது.

கூடத்தில் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் காலி. ஒரு பின்மண்டைகூட இல்லை. ஜெயவர்தன் பெருமூச்சு விட்டான். வேட்டி ஒரு வெள்ளைப் புகைபோல நடுவில் தொங்கியது. அதற்கு அப்பால், பின்கட்டு வாசலில், கையில் துணி மூட்டையோடு ஒருத்தி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவாங்கக்கா?" என்றான் இருதயராஜ்.

"சித்தி" என்றாள் துளசிமணி. "அது எங்க சித்தி."

அந்த ஒரு சொல்லிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சித்தி நிற்கிறாள் என்றால் அம்மா இல்லை. காரியம் முடிந்து, குழந்தையைக் கூட்டிப்போக வந்து நிற்கும் நாள் அது.

வேட்டிக்கு அந்தப் பக்கம், துணியை ஒட்டிக் குழந்தை உட்கார்ந்திருந்தது. மில்லிலிருந்து வந்த பஞ்சு மூட்டை ஒன்றைத் தரையில் கிடத்தி, அதன்மேல் பழைய சேலை ஒன்றைப் போர்த்தி, யாரோ அதில் குழந்தையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். குழந்தை சேலையின் தலைப்பை இழுத்துத் தன் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு கன்னத்தோடு வைத்து அழுத்தியது. குரங்கு குடையோடு கீழே விழுந்தது. குழந்தை சிரித்தது. சிரித்துக்கொண்டே, அம்மாவும் சிரிக்கிறாளா என்று பார்க்கிற பிள்ளையாக, முகத்தைத் திருப்பி மேலே பார்த்தது.

மேலே ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு திரும்பி வேட்டியைப் பார்த்தது. படம் முடிந்தது.

இருதயராஜ் இயந்திரத்தை நிறுத்தினான். வெளியே மழைச் சத்தம் கேட்டது.

"மெத்துனு இருந்துச்சு ராசு" என்றாள் துளசிமணி. "அத்தன பேருகிட்டயும் சொன்னனே. எங்கம்மா மடி மெத்துனு இருக்கும்னு சித்திகூட மல்லுக்கட்டினனே. பஞ்சு மூட்டையாடா அது?" சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள். அவளிடம் இருந்ததே அந்த ஒன்றுதான். முகம் கிடைக்கும் என்று வந்தவளுக்கு மடியும் போயிற்று.

ஜெயவர்தன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அப்போ நாற்காலியெல்லாம் காலியா இருக்குதே, யாருக்காக ஓட்டினாங்க?"

"எனக்காகத்தான் தம்பி. அழுகற புள்ளைக்கு வேடிக்கை காட்ட" என்றாள். "உங்க தாத்தாதான் ஓட்டிருக்காரு. லென்சுக்குப் பின்னால நின்னவரு, அதனால தெரியல. நல்ல மனுசன். இதுக்கு முந்தி ஓட்டினப்ப எங்கம்மா அங்க நின்னு பாத்திருப்பா. அவ மொகம் இதுல இருந்திருக்கும். நான் அழுகறேன்னு இன்னொரு தடவ போட்டாரு. எங்கம்மா அழிஞ்சு போயிட்டா." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "யாரைக் குத்தம் சொல்றது? புண்ணியம்னு நெனச்சுத்தான பண்ணுனாரு."

இருதயராஜ் பதிவுப் பொத்தானில் கை வைத்தான். "பதிவு பண்ணிரட்டுங்களா அக்கா? இன்னும் நகல் எடுக்கல."

"வேண்டாம்." அவள் எழுந்தாள். "தம்பி, இது உங்க பொருள். கேக்கறதுக்கு எனக்கு உரிமை இல்ல. அந்த மெசின்ல இந்தப் படத்த ஒரே ஒரு தடவ ஓட்டுவீங்களா? உங்க தாத்தா ஓட்டினாப்பல?"

"அக்கா, ஓட்டுனா அந்தக் கொழந்தை அழிஞ்சிரும். அப்பறம் யாராலயும் திருப்பிக் கொண்டார முடியாதுங்க" என்றான் இருதயராஜ்.

"அழியட்டும் ராசு. இத்தன வருசமா அந்தப் புள்ள அங்கயே தனியா உக்காந்து அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்குது. அதை அப்படியே விட்டுட்டு நான் எப்பிடி வீட்டுக்குப் போவேன்? எந்திரிச்சுப் போகட்டும்."

ஜெயவர்தன் புரொஜெக்டரைத் துடைத்தான். இருதயராஜ் ஷட்டரை இறக்கி, விளக்கை அணைத்து, தன் வேட்டி ஒன்றைக் குறுக்கே கட்டினான். நாற்காலியைத் தூக்கி முன்னால் போட்டான். துளசிமணி அதில் உட்காரவில்லை. வேட்டிக்கு அந்தப் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தாள், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு.

படம் ஓடியது. குடைக்காரர் நடந்தார். குரங்கு மரத்திலிருந்து எட்டிப் பார்த்தது. குடையோடு விழும் இடம் வந்ததும் அழுத முகத்தோடே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலை தானாகப் பக்கவாட்டில் மேலே திரும்பியது. அங்கே கடைச் சுவரும் போன வருஷக் காலண்டரும்தான் இருந்தன. திருப்பிய முகத்தை அவள் இறக்கவில்லை. படம் முடியும் வரை அப்படியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

இனி எந்தக் காலத்தில் யார் அந்தச் சுருளை வாசித்தாலும், கிழவி ஒருத்தி யாரையோ அண்ணாந்து பார்த்துச் சிரிப்பது தெரியும். வாசிப்பான் பொய் சொல்லாது என்று அவர்கள் நம்புவார்கள். சட்டத்துக்குச் சற்று வெளியே, அவள் பக்கத்தில், யாரோ இருந்தார்கள் என்றுதான் நினைப்பார்கள்.